துப்பாதீங்க, முழுங்கிருங்க

“முளைக்குச்சியப் புடுங்கறவன் நேரா மேல இழுப்பானா அம்மணி? நாலு பக்கமும் ஆட்டி, மண்ணு எளகுனதுக்கு அப்பறந்தான எடுப்பான்.”

பல்லடம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த பெரியவர் நாற்காலியில் சாய்ந்தபடி இப்படிச் சொன்னார். கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல், பாதி சொத்தையில் போயிருந்தது. எப்படி எடுக்கப் போகிறேன் என்று கேட்டார். இழுக்க மாட்டேன், வேர் உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழியை மெல்ல மெல்ல அகலப்படுத்துவேன், குழி இடம் விட்டதும் பல் தானே மேலே வரும் என்றேன். அதற்குத்தான் முளைக்குச்சி. கல்லூரியில் பக்கம் பக்கமாகப் படித்ததை, வெள்ளாடு கட்டுகிற குச்சியை வைத்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பயந்துகொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் அன்றிலிருந்து அந்தக் குச்சியைத்தான் சொல்கிறேன்.

நான் சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் படித்தவள். 1953இல் தொடங்கிய கல்லூரி. நீலகிரி எக்ஸ்பிரஸில் விடிகாலை சென்ட்ரலில் இறங்கினால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். இன்றைக்குச் சூலூரிலும் குமாரபாளையத்திலும் திருச்செங்கோட்டுப் பக்கமும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. என் வீட்டில் அன்றைக்குப் பல் டாக்டர் படிப்பு என்றால் சென்னை என்றுதான் பேச்சு. படிப்பு முடித்து 1994இல் சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவே, விசைத்தறிச் சத்தம் இரவும் பகலும் ஓயாத ஓர் ஊரில் சின்னதாகக் கிளினிக் போட்டேன். பிறகு சிங்காநல்லூருக்கு வந்தேன். எத்தனை பல் எடுத்திருப்பேன் என்று எண்ணி வைத்ததில்லை. ஆனால் எடுத்த பல்லைவிட, எடுத்த பிறகு வருகிற மூன்று நாட்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பல் எடுப்பது பத்து இருபது நிமிஷ வேலை; அதை நான் பார்த்துக்கொள்வேன். அதற்கப்புறம் குழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள். இதை உட்கார வைத்துச் சொல்லி அனுப்புகிறவர்கள் குறைவு. தொடக்கத்தில் நானும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

வலி தொடங்கிய அன்றே என்னிடம் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். முதலில் கிராம்பு. அது தப்பில்லை, கிராம்பு எண்ணெயில் இருக்கிற யூஜினாலைத்தான் நாங்களும் மருந்தில் கலக்கிறோம். அடுத்தது கன்னத்துக்குள் புகையிலை அடக்குவது. பிறகு எருக்கம்பால். சொத்தைக்குள் ஒரு சொட்டு விட்டால் புழு செத்துவிடும் என்று விடுவார்கள். பால் ஈறில் வழிந்து, ஈறு வெந்து வெள்ளைத் தோலாக உரிந்து கிடக்கும். வயதானவர்கள் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்ததைச் சொல்வார்கள். புழு வந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று அடித்துச் சொல்வார்கள். பல்லுக்குள் புழு கிடையாது. நாம் தின்னும் இனிப்பைத் தின்று அமிலம் விடுகிற கிருமிகள்தான் பல்லைக் கரைக்கின்றன. ஆனால் அவர்கள் பட்ட வலி பொய்யில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு, பக்கத்தில் டாக்டர் இல்லாத தோட்டத்து வீட்டில், கையில் கிடைத்ததை எடுத்து வைக்கிறார்கள். அதற்காக யாரையும் நான் கடிந்துகொண்டதில்லை. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சத்தம் போடுவேன்: வீங்கின கன்னத்துக்கு உப்பு மூட்டை வறுத்துச் சூடாக ஒத்தடம் கொடுப்பது. உள்ளே இருக்கிற சீழை அது வெளித்தோல் பக்கம் இழுத்து உடைத்துவிடும். தாடைக்குக் கீழே தழும்பு விழுந்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எல்லாருக்கும் ஒரே பயம், ஊசி. “மரத்துப் போற ஊசி போடுவீங்களா” என்று கேட்கும்போதே கை பிடியை இறுக்கும். ஊசி வலிப்பதற்குப் பெரிய காரணம் அதன் நுனி அல்ல. மருந்தை அவசரமாகத் தள்ளுவதுதான். ஈறில் மரக்கும் ஜெல்லியைத் தடவி, ஒரு மில்லி மருந்தை ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு விட்டால் பலருக்கும் போட்டதே தெரிவதில்லை. “போட்டாச்சுங்களா?” என்பார்கள். நாங்கள் போடுவது லிக்னோகெய்ன். 1943இல் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது, 1948இல் விற்பனைக்கு வந்தது. கூடவே எண்பதாயிரத்தில் ஒரு பங்கு அட்ரினலின் இருக்கும். ரத்தக் குழாயைச் சுருக்கி மருந்தை அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கும். சிலருக்கு அதனால் ஓரிரு நிமிஷம் நெஞ்சு படபடக்கும். முன்னாலேயே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள்.

இதெல்லாம் இல்லாத காலத்தைக் கண்டவர்களின் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். “எங்கப்பாருக்கு ரெண்டு பேரு கைய, ஒருத்தரு தலையப் புடிச்சுக்கிட்டாங்களாமுங்க” என்று ஒரு அம்மா சொன்னார். உலகம் முழுக்க அப்படித்தான் இருந்தது. 1844 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், சிரிப்பு வாயுவை முகர்ந்துகொண்டு தன் பல்லையே இன்னொருவரை எடுக்கச் சொன்னார். வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்று பல் நாற்காலியில்தான் கிடைத்தது. என் தொழிலில் எனக்குப் பெருமை தருகிற செய்தி இது.

ஊசி போட்டுப் பத்து நிமிஷம் கழித்து, “உதடு தடிச்சிருச்சுங்களா?” என்று கேட்பேன். கீழ்ப்பல்லுக்கு இதுதான் அடையாளம். உதட்டின் பாதி, மோவாயின் நடு வரைக்கும், பன்னு மாதிரி உப்பிவிட்டதாகத் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அப்படித் தடிக்கவில்லை என்றால் நான் தொட மாட்டேன். சீழ் கட்டி வீங்கியிருக்கும் இடத்தில் மருந்து சரியாக ஏறாது. அங்கே அமிலத்தன்மை கூடியிருப்பதால் மருந்து நரம்புக்குள் நுழையத் திணறும். அப்போது முதலில் சீழை வடித்துவிட்டு, மாத்திரை கொடுத்து, இரண்டு மூன்று நாளில் வரச் சொல்வதும் உண்டு. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு உடுமலையிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு அது கசக்கும். கசக்கட்டும் என்று விட்டுவிட மாட்டேன். ஏன் என்று சொல்லித்தான் அனுப்புவேன்.

எடுக்கும்போது அமுக்குவது தெரியும், வலி தெரியாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் கை வைத்தால் அமுக்குவதையே வலி என்று நினைத்து உடம்பை முறுக்குவார்கள். சத்தமும் கேட்கும். வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. பல்லைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது அறுபடும் சத்தம் தாடை எலும்பு வழியாகக் காதுக்குள் ‘மளுக்’கென்று பெரிதாகக் கேட்கும். எனக்குக் கேட்காது, அவருக்கு மட்டும் கேட்கும். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ஒரு குறடு உண்டு. அதன் வாய் மாட்டுக்கொம்பு போல இரண்டு கூர்முனையோடு வளைந்திருக்கும். வேர்கள் பிரிகிற இடத்தில் அந்த இரண்டு கொம்பும் நுழைந்து பல்லைக் கிளப்பும். காங்கயம் காளை வளர்க்கிற ஒருவர் எடுத்து முடித்த பிறகு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மேல்பல்லை எடுக்க வருகிறவர்களுக்கு வேறொரு பயம். “மேப்பல்லப் புடுங்குனா கண்ணு போயிருமுங்களா?” அன்னூரிலிருந்து வந்த அறுபது வயது அம்மா ஒருவர் மூன்று மாதம் வலியைத் தாங்கியிருந்தார், இந்த ஒரு கேள்விக்காக. கண்ணாபரேஷன் செய்து ஆறு மாதம்தான் ஆகிறது, கிடைத்த பார்வையை இழக்க அவர் தயாரில்லை. பார்வை நரம்பு நேராக மூளையிலிருந்து கண்ணுக்குப் போகிறது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. அதைத் தொட்டாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. இதைப் படம் போட்டுக் காட்டினேன். அவர் நம்பவில்லை. அப்புறம் வேறு மாதிரி கேட்டேன்: “உங்க ஊர்ல பல்லு விழுகற வயசு என்னுங்க? கண்ணுல புரை விழுகற வயசு என்னுங்க?” கொஞ்ச நேரம் யோசித்தார். “ரெண்டும் ஒரே வயசுதான்” என்றார். அதுதான் விஷயம். ஒரே வயதில் இரண்டும் நடப்பதால் ஒன்றால் ஒன்று வந்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பல்லை எடுத்த மறுவாரம் அவர் வந்து சுவர்க் காலண்டரில் இருந்த தேதியைத் தூரத்திலிருந்து படித்துக் காட்டினார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

1996இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி ஓட்டுகிற ஒருவருக்குக் கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தேன். முப்பது வயதுக்காரர், பீடி பிடிப்பவர். பல் சிரமமில்லாமல் வந்தது. பஞ்சு வைத்துக் கடிக்கச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, “வாயச் சுத்தமா வெச்சுக்கங்க, உப்புத் தண்ணில நல்லாக் கொப்புளிங்க” என்று அனுப்பினேன். இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளினிக்கை மூடப்போகும் நேரத்தில் வந்தார். ஒரு கை காதைப் பொத்தியிருந்தது. கண் சிவந்திருந்தது.

“பல்லு இருந்தப்பக்கூட இப்பிடி வலிக்கலீங்க டாக்டரம்மா. காதுக்குள்ள கம்பிய வுட்டுச் சுத்தற மாதிரி இருக்குதுங்க. ரெண்டு நாளாத் தூங்கலீங்க.”

விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். பல் எடுத்த குழியில் கருஞ்சிவப்பாக, கெட்டியான ஜெல்லி மாதிரி ரத்தக்கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லை. காலிக் குழி. அடியில் சாம்பல் வெள்ளையாக எலும்பு வெறுமனே தெரிந்தது. நாற்றம் வந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் நான் சொன்னதைத்தான் செய்திருந்தார். வீட்டுக்குப் போனதும் பஞ்சைத் துப்பிவிட்டு, மனைவி காய்ச்சிக் கொடுத்த உப்புத் தண்ணீரில், பொறுக்கும் சூட்டில், மணிக்கு ஒரு தரம், துப்புகிற தண்ணீர் வெள்ளையாக வருகிற வரைக்கும் அழுத்திக் கொப்புளித்திருக்கிறார். ரத்தம் வரவர இன்னும் கொப்புளித்திருக்கிறார். நடுவில் பீடியும். என் பேச்சை இவ்வளவு சரியாகக் கேட்ட நோயாளி வேறு யாருமில்லை. எந்த நாளிலிருந்து என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை நான் விட்டதால் அவருக்கு நாலு நாள் தறி ஓடவில்லை.

வெதுவெதுப்பான சலைனில் குழியை மெல்லக் கழுவினேன். துத்தநாக ஆக்ஸைடும் யூஜினாலும் தோய்த்த துணித்துண்டைக் குழிக்குள் வைத்தேன். அறை முழுக்கக் கிராம்பு வாசம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷத்தில் காதிலிருந்த கை தானாக இறங்கி மடியில் விழுந்தது. அந்தக் கை இறங்கியதை நான் இன்றும் மறக்கவில்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை மூன்று தடவை மருந்து மாற்றினேன். காசு வாங்கவில்லை.

இதற்கு உலர்குழி என்று பெயர். எங்கள் புத்தகத்தில் டிரை சாக்கெட். சாதாரணமாகப் பல் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பேருக்கு வரலாம். கீழ் ஞானப்பல் என்றால் இன்னும் பல மடங்கு கூடும். அங்கே எலும்பு கெட்டி, ரத்த ஓட்டம் குறைவு. புகை பிடிப்பவர்களுக்கு அதிகம், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் அதிகம். இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கும். குழியில் நிற்கிற ரத்தக்கட்டிதான் காயத்துக்கு மூடி, மருந்து, புது எலும்புக்கு அஸ்திவாரம் எல்லாம். ஒரு வாரத்தில் அது புதுச் சதையாக மாறத் தொடங்கும். மூன்று நாலு வாரத்தில் மேலே ஈறு மூடும். உள்ளே எலும்பு நிறைய மாதக்கணக்கில் ஆகும். அந்தக் கட்டியைத் துப்பியோ உறிஞ்சியோ கழுவியோ வெளியே தள்ளிவிட்டால் எலும்பு திறந்து கிடக்கும். உப்பு நல்லதுதான். மறுநாளிலிருந்து நல்லது.

அதற்குப் பிறகு என் வார்த்தைகளை மாற்றிக்கொண்டேன். “வாயைச் சுத்தமாக” என்று சொல்வதையே விட்டேன். “துப்பாதீங்க, முழுங்கிருங்க. இன்னிக்கு வாய் கொப்புளிக்கவே கூடாது” என்று மட்டும் சொல்வேன். உடனே முகம் சுளிப்பார்கள். “ரத்தத்தப் போயி முழுங்கலாமுங்களா?” அது ரத்தமில்லை, எச்சில். சொட்டு நீலம் ஒரு சொட்டு விட்டால் வாளித் தண்ணீர் முழுக்க நீலமாகிறதே, அந்த மாதிரி ஒரு சொட்டு ரத்தம் வாய் எச்சிலை எல்லாம் சிவப்பாக்கிவிடும். ஒரு நாள் வரைக்கும் அப்படி இளஞ்சிவப்பாக ஊறுவது வழக்கம்தான். வெற்றிலை போடுகிறவர்கள் நிறைந்த ஊரில், துப்புவது மூச்சு விடுவது மாதிரி பழகிப்போன ஊரில், இந்த ஒரு வார்த்தையை மனதில் நிறுத்துவதுதான் பல்லை எடுப்பதைவிடக் கஷ்டம்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் இருக்க வேண்டும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தால் உறைய ஆரம்பித்த ரத்தம் பஞ்சோடு வந்துவிடும். இப்போதெல்லாம் பஞ்சு வைத்த கையோடு செல்போனை எடுக்கிறார்கள், ‘எடுத்தாச்சு’ என்று வீட்டுக்குச் சொல்ல. கூட வந்தவரை அழைத்து அந்தப் போனை அவரிடம் கொடுத்துவிடச் சொல்வேன்.

2011இல் என் ஞானப்பல்லையே எடுக்க வேண்டி வந்தது. எலும்புக்குள் படுத்துக் கிடந்த பல். பீளமேட்டில் தொழில் செய்யும், என்னைவிட வயதில் சின்ன ஒரு டாக்டர் ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் இழைத்து, பல்லை இரண்டாக வெட்டி எடுத்தார். பதினேழு வருடம் நாற்காலிக்கு இந்தப் பக்கம் நின்றதில் தெரியாத பலவும் அந்தப் பக்கம் படுத்த ஒரு வாரத்தில் தெரிந்தது. மரப்பு இறங்கத் தொடங்கும்போது வலி ஒரே தாவலில் வந்து நிற்கும். அதற்கு முன்பே முதல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும், சாப்பிட்டுவிட்டு. தலையணை ஒன்றில் மட்டம் படுத்தால் குழிக்குள் நாடி துடிப்பது காதில் கேட்கும். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்தினேன், துடிப்பு அடங்கித் தூக்கம் வந்தது. நாக்கு ஓயாமல் குழியைத் தேடிப் போகும். வேண்டுமென்றே அதை வேறு பக்கம் வைத்துப் பழக வேண்டும். மறுநாள் எழுந்ததும் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. வீக்கம் குறையும் என்று நினைத்த மூன்றாம் நாள் காலையில்தான் கன்னம் மிகப் பெரிதாக இருந்தது. வீக்கம் இரண்டிலிருந்து மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்த்தான் இறங்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணாடியைப் பார்த்து மனம் கலங்கியது. தெரியாதவர்கள் எவ்வளவு பயப்படுவார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று முதல் இந்த மூன்றாம் நாள் கன்னத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கன்னத்துக்கு வெளியே பத்து நிமிஷம் வைத்து, பத்து நிமிஷம் எடுத்து, அன்று முழுக்க அப்படிச் செய்தால் வீக்கம் குறைவாக வரும். மறுநாளுக்குப் பிறகு ஐஸால் பெரிய பலன் இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் பக்கத்து அம்மாக்களோடு எனக்கு நெடுநாள் வாக்குவாதம். புண் இருக்கும்போது தயிர் ஆகாது, சீழ் பிடிக்கும் என்பார்கள். பல் எடுத்த அன்றைக்கு நன்றாகப் பிசைந்து ஆறிப்போன தயிர்சாதத்தைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. இளநீர் குடிக்கலாம், பொள்ளாச்சி ரோட்டில் சீவிக் கொடுத்ததும் கூடவே ஸ்ட்ராவும் நீட்டுவார்கள், அதை மட்டும் வாங்காதீர்கள். உறிஞ்சினாலும் கட்டி கழன்று வரும். டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். ஐஸ்கிரீம் கரண்டியால் சாப்பிடலாம். மறுநாள் அரிசிம்பருப்பு சாதத்தைக் குழைய வடித்து, சூடு ஆறவிட்டு, மறுபக்கமாக மெல்லலாம். சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தால் மெல்லவே வேண்டாம். ராகிக் களி வெதுவெதுப்பாக இருந்தால் முழுங்கியே பழகியவர்களுக்கு அது நல்ல ஆகாரம். எள்ளுருண்டை, பொரி, முறுக்கு ஒரு வாரத்துக்கு வேண்டாம். ஒரு எள் குழிக்குள் போய் உட்கார்ந்தால் அதை எடுக்க என்னிடம்தான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எடுத்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, “கறி திங்கலாமுங்களா?” எலும்பில்லாத சாறாக, ஆறவைத்துக் குடியுங்கள் என்பேன்.

மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைக் கரண்டி உப்பு. வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, வாயைத் திறந்து தானாக விழவிட வேண்டும். களகளவென்று கொப்புளிப்பது இப்போதும் வேண்டாம். மற்றப் பற்களைப் பல் எடுத்த அன்றிரவே பிரஷ்ஷால் தேய்க்கலாம். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எதுவும் குறைந்தது மூன்று நாளைக்குக் கிட்டே வரக்கூடாது. ஒரு வாரம் விட்டால் நல்லது. குழந்தைக்கு எடுத்திருந்தால் மரப்பு இறங்கும் வரைக்கும் பக்கத்தில் இருங்கள். மரத்த உதட்டை விளையாட்டாகக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி, மறுநாள் வீங்கின உதட்டோடு கொண்டுவந்த தாய்மார்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

எடுப்பதற்கு முன் நீங்கள் என்னிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த ஒருவர், பல் எடுக்கப் போகிறோம் என்று ரத்தம் இளக்கும் மாத்திரையைத் தானாகவே நாலு நாள் நிறுத்திவிட்டு வந்து நின்றார். ரத்தம் நிற்காமல் போகுமோ என்ற பயம். எனக்கு வேர்த்துவிட்டது. ஈறில் வருகிற ரத்தத்தைப் பஞ்சு வைத்து, தையல் போட்டு நிறுத்திவிடலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் யார் நிறுத்துவது? அவருடைய இதய மருத்துவருக்கு அங்கிருந்தே போன் போட்டு, மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் செய்தேன். அந்த மாத்திரையை ஒரு நாளும் உங்கள் முடிவில் நிறுத்தாதீர்கள். வால்வு பழுதுள்ளவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பு ஊசி போட்டவர்கள் நாற்காலியில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த எலும்பு ஊசி போட்டவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமலே போய்விடுவதுண்டு. தெரிந்தால் நாங்கள் வேறு வழி பார்ப்போம். சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றோடு வராமல், காலையில் சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு வாருங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு ரத்தம் சொட்டினால், சுத்தமான துணியை மடித்துக் குழி மேல் வைத்து ஒரு மணி நேரம் விடாமல் கடியுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் வர வேண்டும். தாடைக்கு அடியில் கல் போல இறுகி வீங்கினாலோ, நாக்கு மேலே தூக்கிக்கொண்டாலோ, எச்சில் முழுங்கவும் மூச்சு விடவும் சிரமமானாலோ என் கிளினிக்கைத் தேடி வராதீர்கள். 108ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது உயிருக்கு ஆபத்தான வீக்கம். ராத்திரி விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இப்போது பல் எடுத்துப் போகிற ஒவ்வொருவர் பேருக்கும் எதிரே ஒரு தேதி குறித்து வைக்கிறேன், எடுத்த நாளிலிருந்து மூன்றாம் நாள். அன்று சாயங்காலம் நானோ எங்கள் நர்ஸோ போன் செய்கிறோம். “எப்படி இருக்குதுங்க?” என்று மட்டும்தான் கேட்போம். “பரவாயில்லீங்க, கொறஞ்சிருச்சுங்க” என்றால் வைத்துவிடுவோம். மூன்றாம் நாள் வலி குறைந்துகொண்டு போக வேண்டும். குறைவதற்குப் பதில் கூடினால், காதுக்கு ஏறினால், வாயில் நாற்றம் வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்காதீர்கள். ஊருக்கெல்லாம் இப்படித்தான் வலிக்கும் என்று மாத்திரைக்கு மேல் மாத்திரை போடாதீர்கள். எங்கே எடுத்தீர்களோ அங்கேயே அன்றைக்கே போங்கள். கழுவி மருந்து வைக்கப் பத்து நிமிஷம்தான் ஆகும்.